சார்லிக்கு நண்பர்கள் வந்தார்கள், எனக்கு வருவார்களா?

அன்புள்ள மேடம்,

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்பாவுக்கு வேலை மாற்றல் வந்ததால் இந்த வருடம் மதுரையிலிருந்து கோவைக்கு வந்துவிட்டோம். இங்கே என் வகுப்பில் எல்லோரும் ஆறாம் வகுப்பிலிருந்தே ஒன்றாகப் படிப்பவர்கள். சார் கேள்வி கேட்டால் எனக்கு விடை தெரியும், கை தூக்க வராது. மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் பக்கத்துப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்துவிடுவேன்.

பெரியப்பா மகன் ‘தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃபிளவர்’ படத்தைப் போட்டுக் காட்டினார். அதில் வரும் சார்லி அப்படியே என்னை மாதிரி. ஆனால் அவனுக்கு பேட்ரிக், சாம் என்று இரண்டு பேர் கிடைத்துவிடுகிறார்கள். மூன்று பேரும் வண்டியில் சுரங்கப் பாதைக்குள் போகிற இடத்தில் அழுதுவிட்டேன். அம்மாவிடம் சொன்னால், “நாலு பேர்கிட்ட கலகலன்னு பேசுடா, தானா வருவாங்க” என்கிறார். எனக்கு அது வராது. நான் மாறித்தான் ஆக வேண்டுமா? அல்லது காத்திருந்தால் எனக்கும் யாராவது வருவார்களா?

- பெயர் வேண்டாம், கோவை

அன்புத் தம்பிக்கு,

கலகலப்பாக மாறத் தேவையில்லை. படம் முடியும்போதும் சார்லி அமைதியான பையன்தான். ஆனால் காத்திருந்ததால் அவனுக்கு நண்பர்கள் கிடைக்கவில்லை. ஃபுட்பால் மேட்ச் நடக்கிற இடத்தை இன்னொரு முறை பார். தன்னோடு கைத்தொழில் வகுப்புக்கு வரும் சீனியர் பேட்ரிக் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சார்லிதான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போகிறான். மற்ற பையன்கள் பேட்ரிக்கைப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்கிறார்கள். சார்லி அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அதிகம் பேசாதவர்கள் மற்றவர்களை நன்றாகக் கவனிப்பார்கள். உனக்கும் அந்தக் கண் இருக்கும்.

எனவே வகுப்பு முழுவதையும் நினைத்துப் பயப்படாதே. ஒரே ஒருவனைத் தேர்ந்தெடு. பிராக்டிகலில் உன் பக்கத்தில் நிற்கிறவனாக இருக்கலாம். “ரெக்கார்டு முடிச்சிட்டியா?” என்று கேட்டால் போதும். சார்லியும் பேட்ரிக்கும் முதலில் பேசிக்கொண்டது அந்தக் கைத்தொழில் வகுப்பில் செய்யும் கடிகாரத்தைப் பற்றித்தான். கையில் பொதுவாக ஒரு வேலை இருந்தால் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கூச்சம் உள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

பேசி முடித்த பிறகு, “உளறிவிட்டேனோ, அவனுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ” என்று மனம் அதையே சுற்றிச் சுற்றி வரும். அந்த நேரத்தில் மனம் சொல்வதை நம்பாதே. அறிமுகமில்லாதவர்களைப் பேசவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. எதிரில் இருந்தவருக்குத் தங்களை எவ்வளவு பிடித்திருந்தது என்பதைப் பெரும்பாலும் குறைத்தே கணித்தார்கள். என்னிடம் வரும் பிள்ளைகளிடமும் இதைத்தான் பார்க்கிறேன்.

இன்னொன்று, படிக்கட்டிலிருந்து நூலகத்துக்குள் போ. விடையை நோட்டில் எழுதிவிட்டுக் கை தூக்காமல் இருக்கும் சார்லியை முதலில் கவனிப்பது அவனுடைய ஆங்கில ஆசிரியர்தான். புத்தகம் புத்தகமாகக் கொடுத்து அவனைப் பேசவைக்கிறார். ஆசிரியரோ நூலகரோ முதல் துணையாக அமைவதில் குறைவு எதுவும் இல்லை.

‘அப்படியே என்னை மாதிரி’ என்று எழுதியிருப்பதால் இதையும் கேட்டுவிடுகிறேன். சார்லியின் மௌனம் வெறும் கூச்சம் மட்டுமல்ல. முந்தைய வருடம்தான் அவனுடைய நண்பன் தற்கொலை செய்துகொண்டிருக்கிறான். சிறுவயதில் உறவினர் ஒருவரால் நேர்ந்த பாலியல் கொடுமை, நினைவிலிருந்தே மறைந்துபோகும் அளவுக்கு அவனுக்குள் புதைந்திருக்கிறது. உனக்கும் யாரிடமும் சொல்ல முடியாதபடி ஏதாவது நடந்திருந்தால், அல்லது தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போகவே பிடிக்காமல், வாழ வேண்டாம் என்று தோன்றினால், தயவுசெய்து தள்ளிப்போடாதே. அம்மாவிடம் சொல். முடியாவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098 அல்லது மனநல உதவிக்கான டெலி மனஸ் 14416 எண்ணுக்குக் கூப்பிடு. இரண்டும் இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அப்படி எதுவும் இல்லை, புது ஊரும் கூச்சமும்தான் காரணம் என்றால், அடுத்த பிராக்டிகல் முடிந்ததும் எனக்கு எழுது. யாரிடம் பேசினாய், என்ன கேட்டாய் என்று மட்டும் சொன்னால் போதும்.