மீன் தொட்டிச் செடிகள்: கேட்டதும் சொன்னதும்

கடையில் பச்சைப் பசேலென்று இருந்த கிரிப்டோகோரைன் என்ற நீர்ச்செடி, நட்ட ஒரு வாரத்தில் கூழாகிவிட்டது. எறிந்துவிடலாமா?

எறியாதீர்கள். நீர்ச்செடிகளில் பலவற்றைப் பண்ணைகளில் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். சீக்கிரம் பெருகும், பாசியும் ஒட்டாது. ஆனால் அந்த இலைகள் காற்றுக்கென்றே உருவானவை. தண்ணீருக்குள் போனதும் செடி அவற்றைக் கைவிட்டுவிட்டு, மெல்லிய புது இலைகளை விடும். கிரிப்டோகோரைனுக்கோ இடம் மாறினாலே, தண்ணீர் மாறினாலே கரைந்துபோகிற சுபாவம் வேறு. கரைந்த இலைகளை அடியோடு கத்தரித்து வெளியே எடுங்கள். கிடந்து அழுகினால் அமோனியா ஏறும். அடித்தண்டை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. சில வாரங்களில் நடுவிலிருந்து சுருண்ட குருத்து ஒன்று எட்டிப் பார்க்கும். அதுவரை வேர் பிடித்ததா என்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

அனுபியஸ் அழுகுகிறது.

ரைசோமை மணலில் புதைத்திருப்பீர்கள். இலையும் வேரும் கிளம்புகிற அந்தத் தடித்த தண்டு வெளியேதான் இருக்க வேண்டும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிடுங்கள். ஜாவா ஃபெர்னுக்கும் இதேதான்.

கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி. விளக்கு காலையிலிருந்து இரவு படுக்கும்வரை எரிகிறது.

பதில் கேள்வியிலேயே இருக்கிறதே. 6 முதல் 8 மணி நேரம் போதும். டைமர் போடுங்கள்.

பழைய இலைகளில் ஊசி குத்தினாற்போல ஓட்டைகள்?

பெரும்பாலும் பொட்டாசியம் குறைவு. புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்தைப் பாருங்கள்.

கோல்டு ஃபிஷ் தொட்டிக்கு எந்தச் செடி?

தின்றுவிடும். அனுபியஸ் மாதிரி தடித்த இலைச் செடியை வைத்துப் பாருங்கள்.

மீன் சோர்ந்து கிடக்கிறது, என்ன மருந்து?

மீன் வைத்தியம் தெரிந்தவரைக் கேளுங்கள். தாமிரம் கலந்த மருந்தென்றால் மட்டும் முதலில் இறாலை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கட்டாயமா?

இல்லை. ஜாவா ஃபெர்ன், வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன் எல்லாம் மிதமான வெளிச்சத்தில் அது இல்லாமலே வளரும்.

(வேறொருவர்) தவறாக வழிகாட்டுகிறீர்கள். சிலிண்டர் இல்லாமல் தரை முழுக்கப் பரவும் குட்டைச் செடி வருமா?

‘கியூபா’ என்கிற குட்டைச் செடி மாதிரி என்றால் சிலிண்டர் வைப்பதுதான் நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேட்டவர் அதைக் கேட்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர் வாயுவை ஏகத்துக்குத் திறந்துவிட்டு, மறுநாள் காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதைப் பார்க்க வேண்டுமா?

(அவரே) தண்ணீரில் அந்த வாயு எவ்வளவு என்று நிறத்தில் காட்டும் டிராப் செக்கர் எதற்கு இருக்கிறது?

அது நிறம் மாறவே ஒன்றிரண்டு மணி நேரமாகும். நீலமென்றால் குறைவு, பச்சை சரி, மஞ்சள் ஆபத்து. பச்சை என்பது சுமார் 30 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 30 பங்கு. விளக்கு அணைந்தால் செடியும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். அதனால் சிலிண்டர் வைப்பவர்கள் மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு வாங்கி, விளக்கோடு சேர்ந்து அணைகிற மாதிரி இணையுங்கள்.

(இன்னொருவர்) அப்போ பாட்டிலில் வரும் திரவ கார்பன்?

அதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு, கிருமிநாசினி. பாசியைக் கொல்லும், வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும். சிலிண்டருக்கு மாற்றாகாது.

பாசி வருகிறது சார், விளக்கு 14 மணி நேரம்...

டைமர்!