போகத்துக்கு வரும் பணம், மாதத்துக்கு வரும் செலவு

கேள்வி: ஒட்டுசுட்டானுக்கு அருகில், முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் வயல் செய்கிறோம். மகள் உயர்தர வர்த்தகப் பிரிவில் முதலாம் வருடம், மகன் ஏழாம் தரம். கொழும்பிலுள்ள தனியார் நிறுவனமொன்றில் பட்டம் படிக்க 25 இலட்சம் ரூபா ஆகும் என்றும் இப்போதே பதிந்தால் கழிவு உண்டு என்றும் ஒரு தரகர் சொல்கிறார். ஒரு ஏக்கரை விற்கலாமா, சீட்டுப் பிடிக்கலாமா என்று யோசிக்கிறோம். கனடாவிலுள்ள என் தம்பி உதவுவதாகச் சொல்லியிருக்கிறான். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, காணியை விற்க வேண்டாம். முத்தையன்கட்டுப் பகுதியில் பல காணிகள் சொந்த உறுதிக் காணிகள் அல்ல, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணிகள். உங்களுடையதும் அப்படியானால், பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அதை விற்பது சட்டப்படி செல்லாது. அவ்வாறான கைமாற்றங்களில் விலையும் பாதிதான் கிடைக்கும், பின்னர் வழக்கும் வரும்.

அடுத்தது, மகள் இன்னும் பரீட்சையே எழுதவில்லை. அரச பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன; எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு உரியது, உங்கள் முல்லைத்தீவு மாவட்டமும் அவற்றில் ஒன்று. உங்கள் மகளுக்குள்ள இந்த வாய்ப்பைப் பற்றித் தரகர் பேசியிருக்க மாட்டார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த வவுனியா வளாகம் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது, அங்கே வணிகக் கற்கைகள் பீடமும் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டாலும் வவுனியா உயர் தொழில்நுட்ப நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமா, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் என்று வழிகள் இருக்கின்றன. பெறுபேறு வந்த பின்னும் பல்கலைக்கழகம் தொடங்க நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருப்பதால், பெற்றோர் பொறுமையிழந்து எங்கேயாவது பணத்தைக் கட்டிவிடுவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

அரச பல்கலைக்கழகத்தில் உள்நாட்டு மாணவரிடம் பட்டப்படிப்புக்குக் கட்டணம் அறவிடுவதில்லை. உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது சாப்பாடு, தங்குமிடம், பேருந்து, அச்சுப் பிரதி, தொலைபேசி என்று மாதந்தோறும் கரையும் காசு. மாதம் 25,000 ரூபா என்று வைத்தால் வருடத்துக்கு 3 இலட்சம். இங்கேதான் வன்னிக் குடும்பங்களின் சிக்கல் இருக்கிறது: உங்கள் வருமானம் போகத்துக்குப் போகம் வருகிறது, பிள்ளையின் செலவு மாதத்துக்கு மாதம் வரும். நெல் விற்ற காசு கையில் தங்காத மாதங்களில்தான் நகை அடகுக்கும் நுண்கடனுக்கும் போகிறோம், அந்த வட்டியை அடுத்த போகம் தின்றுவிடுகிறது.

ஆகவே, மகள் பரீட்சை எழுதி அனுமதி பெறுவதற்குள் உங்களுக்கு எப்படியும் இரண்டு காலபோக (மாரிமழைப் பெரும்போக) அறுவடைகளாவது கிடைக்கும் என்று கொண்டு கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு காலபோகத்திலும் நெல் விற்ற வாரத்திலேயே, கடைக்கடன் தீர்த்த கையோடு, ஒரு இலட்சத்தை எடுத்து வையுங்கள். கோடைப் பயிரான சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லா வருடமும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். கிடைத்தால் 50,000 சேருங்கள். இரண்டு வருடமும் இரண்டு போகமும் கைகொடுத்தால் முதல் வருடச் செலவான 3 இலட்சம் முன்கூட்டியே இருக்கும். அதை ஒரே நிலையான வைப்பாக இடாமல் 50,000 வீதம் பிரித்து இடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தால் மற்றவற்றின் வட்டி கெடாது. தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு, சீட்டுக்கு அது இல்லை. சீட்டுத் தலைவி எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு வறட்சி வந்தால் கட்ட முடியாமல் போகும் பத்துப் பேரும் ஒரே குளத்தின் கீழ்தான் இருப்பார்கள். 2025 ஏப்ரலிலிருந்து வைப்பு வட்டியில் 10 வீத வரி கழிக்கப்படுகிறது. உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைவென்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம்.

குடும்ப வருமானத்தைப் பொறுத்து, பல்கலைக்கழக மாணவருக்கான மாதாந்த உதவித்தொகைகளான மகாபொல அல்லது பேர்சரி கிடைக்கக்கூடும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் முதல் தவணை கைக்கு வருவது பிந்தும். அதனால்தான் முதல் வருடக் காசு கையில் இருக்க வேண்டும் என்கிறேன். வருமானச் சான்றைக் கிராம அலுவலரிடம் பெறும்போது உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

தம்பியிடம் மாதச் செலவைக் கேட்காதீர்கள். அவருக்கும் வீட்டு வாடகை, பிள்ளைகள் இருக்கும். ஒரு மாதம் தவறினால் உறவு கசக்கும். ஒரு மடிக்கணினி கேளுங்கள். கொடுத்தவருக்கும் நிறைவு, கணக்கும் அத்தோடு முடியும்.

மகனுக்கு 18 வயது வரை எடுக்க முடியாத சிறுவர் கணக்கொன்று போதும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை எட்டியபோது நீண்ட காலச் சேமிப்புகள் உருகியதைப் பார்த்தோம் என்பதால், நல்ல விளைச்சல் வருடத்தில் அவன் பங்கில் ஒரு பகுதியைத் தங்கப் பவுணாக வைத்தாலும் தவறில்லை.

கணக்கெழுதும் கொப்பியை மகளிடம் கொடுங்கள். வர்த்தகம் படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இல்லை என்பது தெரிந்திருக்கட்டும்; தரகர் மறுபடி வந்தால் அவருக்குப் பதில் சொல்ல அவளே போதும்.