நஷ்டம் உங்கள் மகளுக்கு

கேள்வி: என் மகளுக்கு 29 வயது. ஜாதகத்தில் எட்டாம் இடத்தில் செவ்வாய். நான்கு ஆண்டுகளாக வரன்கள் தட்டிப்போகின்றன. இப்போது வந்திருக்கும் பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறது. அவர்கள் வீட்டிலும் சம்மதம். ஆனால் பையனுடையது செவ்வாய் தோஷம் இல்லாத சுத்த ஜாதகம் என்பதால் எங்கள் ஜோதிடர் கூடாது என்கிறார். நீங்கள் ஜோதிடத்தை விடாமல் சாடுகிறீர்கள். அது எங்கள் நம்பிக்கை. அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகளுக்கு, அம்மா. அவளுடைய நான்கு ஆண்டுகள் போய்விட்டன. ஐந்தாவது ஆண்டையும் ஜோதிடர் கேட்கிறார், நீங்களும் கொடுக்கத் தயாராகிறீர்கள்.

அந்தச் செவ்வாய் தோஷத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் நின்றால் தோஷம். 12 வீடுகளில் 5 வீடுகள். அப்படியானால் பிறக்கிறவர்களில் 100க்கு 40 பேராவது தோஷக்காரர்கள். சந்திரனிலிருந்தும் எண்ணினால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர். சுக்கிரனிலிருந்தும் எண்ணுகிறவர்கள் உண்டு. ஊரில் பெரும்பாலோருக்கு இருக்கும் ஒன்றைத்தான் துணையின் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி உங்கள் மகள் தலையில் கட்டியிருக்கிறார்கள். அப்புறம் விலக்குகள்: மேஷம், விருச்சிகம் செவ்வாயின் சொந்த வீடு, மகரம் உச்சம், அங்கே நின்றால் தோஷமில்லை; குரு பார்த்தால் நிவர்த்தி. ஒரே கட்டத்தில் ஒருவர் தோஷம் காண்பார், இன்னொருவர் காணமாட்டார்.

கிரகம் எப்போது எங்கே இருக்கிறது என்பதிலேயே அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. 2023இல் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. திருநள்ளாற்றில் அன்றுதான் விழா நடந்தது. இடைப்பட்ட பதினொரு மாதங்கள் மீன ராசிக்காரருக்கு ஏழரைச் சனி தொடங்கியதா, இல்லையா? எந்தப் பஞ்சாங்கம் வாங்கினார் என்பதைப் பொறுத்தது.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் அவரது குழுவினரும் 2008இல் மகாராஷ்டிரத்தில் படிப்பில் சிறந்த 100 பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகியோரின் ஜாதகங்களைத் திரட்டினார்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகங்களைக் கொடுத்து, எது யாருடையது என்று கேட்டார்கள். பதில் அனுப்பியவர்கள் 27 பேர். அவர்களில் அதிகபட்சம் 40க்கு 24. சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே பாதி சரியாக வரும்.

என் பெரியம்மா மகளுக்கும் செவ்வாய் என்றுதான் சொன்னார்கள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய ஜாதக நகல் தரகரிடம் போகும், திரும்பி வரும். ஒவ்வொரு முறையும் மடிப்பு இன்னும் கொஞ்சம் கிழிந்திருக்கும். பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து அதற்குப் பின்பக்கம் டேப் ஒட்டுவார். அக்கா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வரனைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எங்களில் ஒருவர்கூட அவளைக் கேட்டதில்லை. பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பிய ஜோதிடர்கள் அவள் முகத்தையே பார்த்ததில்லை. அவளுக்கு 38 வயதானபோது அந்தத் தாளில் எழுத்தைவிட டேப்தான் அதிகம் இருந்தது. நம்பிக்கையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற பயம் உங்கள் கடிதத்துக்குப் பின்னால் இருக்கிறது. தாய்க்கு அது இல்லாமல் இருக்காது. ஆனால் பத்துப் பொருத்தமும் பார்த்து, தோஷத்துக்குத் தோஷம் சேர்த்துச் செய்த கல்யாணங்களிலும் விபத்து வருகிறது, நோய் வருகிறது, விவாகரத்து வருகிறது. உங்கள் உறவிலேயே எண்ணிப் பாருங்கள்.

விசாரிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. பையனின் வேலை, கடன், குடிப்பழக்கம், உடல்நலம், மருமகள் வேலைக்குப் போவதில் அந்த வீட்டுக்கு என்ன எண்ணம் – இவற்றை நேரில் போய் விசாரியுங்கள். இருவரும் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசட்டும். அவள் வீடு திரும்பியதும் பக்கத்தில் உட்கார வைத்து, என்ன நினைக்கிறாய் என்று கேளுங்கள். சரி என்றால் அன்றைக்கே பையன் வீட்டுக்குப் போன் செய்துவிடுங்கள்.