டேபிள் தாழ்ந்ததால் இதய ஸ்கேன் கெட்டுவிட்டதா?

கேள்வி: எனக்கு வயது 56, எடை 112 கிலோ. வேகமாக நடந்தால் நெஞ்சு இறுக்குகிறது என்று மதுரையில் ஒரு சென்டரில் இதயத்துக்கு சிடி ஆஞ்சியோ எடுத்தேன். டேபிள் உள்ளே போகப் போக லேசாகத் தாழ்ந்தது எனக்கே தெரிந்தது. ரிப்போர்ட்டில், 'வலது ரத்தக்குழாயின் நடுப்பகுதி அசைவினால் தெளிவாக இல்லை' என்று இருக்கிறது. என் எடையால்தான் இப்படி ஆனதா டாக்டர்? மறுபடி எடுக்க வேண்டுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: நீங்கள் உணர்ந்தது உண்மைதான். ஏணியை ஒரு முனையில் மட்டும் பிடித்து நீட்டினால் மறுமுனை தாழும் இல்லையா, அதேதான் இங்கேயும். எடை கூடக் கூட, டேபிள் வெளியே நீள நீள, சில மில்லிமீட்டர் இறங்கும். இப்போதைய டேபிள்கள் பெரும்பாலும் 200 கிலோவாவது தாங்கும். உங்கள் எடை அதற்குப் பெரிய பாரம் இல்லை.

இதயத்தைப் படமெடுக்க டேபிள் நகர்வது 12 முதல் 14 செ.மீ. தான். அந்தத் தூரத்துக்குள் தாழ்வில் வரும் வித்தியாசம் மிகக் குறைவு. பெட்-சிடி (PET-CT) மாதிரி இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் ஸ்கேன்களில்தான் இந்தத் தாழ்வு உண்மையில் தொல்லை தரும்.

சந்தேகம் இருந்தால் படத்தில் எலும்பைப் பார்க்கச் சொல்லுங்கள். 64 ஸ்லைஸ் மெஷின் ஒரே நேரத்தில் சுமார் 4 செ.மீ. அகலம்தான் பிடிக்கும். அதனால் நாலைந்து துடிப்புகளில் எடுத்த துண்டுகளை ஒட்டித்தான் முழு இதயப் படம் வருகிறது. டேபிள் பிசகியிருந்தால் முதுகெலும்பிலும் படிக்கட்டு போல வெட்டு விழும். மூச்சு விட்டிருந்தால் முன்பக்க மார்பெலும்பில் தெரியும். இரண்டும் சீராக இருந்து ரத்தக்குழாய் மட்டும் கலங்கியிருந்தால் காரணம் இதயத் துடிப்புதான். வலது குழாயின் நடுப்பகுதி ஒவ்வொரு துடிப்பிலும் அதிகம் ஆடும் இடம். அதனால் என் கணிப்பும் அதுவே. எடை கூடினால் படம் புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பாகும், ஆனால் ரிப்போர்ட்டில் 'அசைவு' என்று எழுத மாட்டார்கள்.

மறுபடி ஊசி போட்டுப் படுப்பதற்கு முன் ஒன்று கேளுங்கள்: அதே பதிவிலிருந்து துடிப்பின் வேறொரு கட்டத்துக்குப் படத்தை அமைத்துப் பார்க்க முடியுமா? அப்படிப் பதிவாகியிருந்தால் பல நேரம் அதிலேயே விடை கிடைத்துவிடும். மூலப் பதிவு மெஷினில் நெடுநாள் இருக்காது, சீக்கிரம் போங்கள்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால், துடிப்பை 60க்குப் பக்கத்தில் கொண்டுவர மாத்திரை தருவார்கள். ஆஸ்துமா இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆண்மைக் குறைவு மாத்திரை சாப்பிடுபவரானால் கூச்சப்படாமல் அதையும் சொல்லுங்கள். ஸ்கேனின்போது ரத்தக்குழாயை விரிக்க நாக்கின் அடியில் வைக்கும் மருந்தோடு அது சேர்ந்தால் பிரஷர் சரேலென இறங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு டீ, காபி வேண்டாம்.

அப்புறம், ஸ்கேன் பஞ்சாயத்து முடியட்டும் என்று இதய மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுக்கினால் உடனே 108க்குக் கூப்பிடுங்கள்.