ஐந்து பிரேசில்காரர்களும் ஒரு வேனும்

கேள்வி: ஆசிரியர் ஐயா, 1998-இல் பேராக் காற்பந்து அணி மலேசியக் கிண்ணத்தை வென்றபோது எனக்குப் பத்து வயது. அன்றிலிருந்து எனக்கு மஞ்சள்-கறுப்புதான் எல்லாம். இன்று நாட்டின் முதல்நிலைக் காற்பந்துப் போட்டியான சூப்பர் லீக் பட்டியலில் நம் மாநிலத்தின் பெயரே இல்லை. என் யோசனை இது: ஜொகூர் மாதிரி பெரிய முதலாளி ஒருவரைப் பிடிக்க வேண்டும். ஐந்து பிரேசில் ஆட்டக்காரர்கள், ஓர் ஐரோப்பியப் பயிற்றுநர், தேவைப்பட்டால் குடியுரிமை கொடுத்து இன்னும் இரண்டு பேர். இரண்டே ஆண்டில் கிண்ணம் வரும், கூட்டமும் தானாக வரும். ஒட்டுக்கடையில் இதைச் சொன்னால் பாதிப் பேர் கைதட்டுகிறார்கள், பாதிப் பேர் சிரிக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்? ரசிகர்கள் நாங்கள் என்ன செய்யலாம்?
- பேராக் ரசிகர், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, சிரித்தவர்கள் பக்கம் நான் இல்லை. உங்கள் வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் கைதட்டவும் மாட்டேன். நம் அணியை எது படுக்கையில் தள்ளியதோ, அதையே மருந்தென்று இன்னொரு தடவை கொடுக்கச் சொல்கிறீர்கள்.

கிண்ணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்கள். கிண்ணம் வந்ததே! 2018-இல் திரெங்கானுவோடு 3-3 என்று முடிந்து, பெனால்டியில் வென்று, மலேசியக் கிண்ணத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்தோம். அதே ஆண்டு லீக்கில் இரண்டாம் இடம். மூன்றே ஆண்டு கழித்து, 2021-இல், சம்பளப் பாக்கிப் புகார்களுக்கு நடுவே அதே அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. அதுவரை மாநிலச் சங்கங்களின் கையில், பெரும்பாலும் மாநில அரசு சார்ந்த பணத்தில் ஓடிய அணிகளெல்லாம் தனி நிறுவனங்களாக மாற வேண்டிய காலமும் அதுதான். அப்புறம் ஒரு தனியார் நிறுவனம் வந்து எடுத்தது, நடத்தியது, 2025-இல் கையை விரித்தது. 2025-26 பருவத்தில் பேராக் இல்லாமலேயே சூப்பர் லீக் தொடங்கியது. ஆக, நீங்கள் தேடச் சொல்கிற முதலாளி நமக்கு ஏற்கெனவே வந்து போய்விட்டார். இன்னொருவர் வந்தால் அவரும் ஒருநாள் போவார். போகிற அன்று அணி நிற்குமா? என்னுடைய கேள்வி அது ஒன்றுதான்.

நாம் மட்டும் இப்படி விழவில்லை. கிளந்தான் 2012-இல் சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் ஒரே ஆண்டில் அள்ளியது. 2018-இல் கீழே இறங்கியது. கெடா 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு பருவங்களில் மூன்று கிண்ணங்களையும் வாங்கிய அணி. 2025-26-க்கு அதற்கு உரிமமே கிடைக்கவில்லை. மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்துக்கு முன்பே வெளியே நிறுத்தப்பட்டன. இவர்களிடம் கிண்ணம் இருந்ததா, வெளிநாட்டு ஆட்டக்காரர் இருந்தாரா, ஐரோப்பியப் பயிற்றுநர் இருந்தாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்று இருந்திருக்கும். மாதக் கடைசியில் சம்பளம் போட நிச்சயமான பணம் மட்டும் இருந்ததில்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். தொகைகள் நான் உதாரணத்துக்கு வைப்பவை, பெருக்கிப் பார்ப்பது உங்கள் வேலை. உள்ளூர் ஆட்டக்காரர் 25 பேர், தலைக்குச் சராசரி 6,000 ரிங்கிட். மாதம் 150,000. ஆண்டுக்கு 1.8 மில்லியன். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி கட்ட வேண்டிய 12 விழுக்காடு சேர்த்தால் இரண்டு மில்லியனைத் தாண்டிவிடும். பயிற்றுநர், மருத்துவர், பேருந்து, தங்குமிடம், திடல் வாடகை எதுவும் இதில் சேரவில்லை. இப்போது வரவைப் பாருங்கள். சொந்தத் திடலில் 12 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் 5,000 பேர் 15 வெள்ளி கொடுத்து வந்தால் மொத்தம் 900,000. சேமநிதி சேர்ந்த சம்பளச் செலவில் பாதிகூடத் தேறவில்லை. இந்த நிலையில் மாதம் 30,000 வீதம் ஐந்து பிரேசில்காரர்களைக் கூப்பிடுகிறீர்கள். அது இன்னொரு 150,000. 25 உள்ளூர்ப் பிள்ளைகளின் சம்பளம் எவ்வளவோ, அவ்வளவும் அந்த ஐந்து பேருக்கு. ஒட்டுக்கடையில் கைதட்டியவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டி, மீதியை யார் கட்டுவார்கள் என்று கேளுங்கள்.

பணம் வற்றும்போது யார் அடிபடுகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். வெளிநாட்டுக்காரர் உலகக் காற்பந்து அமைப்பான ஃபிஃபாவிடம் வழக்குப் போடுவார். கொடுத்துத் தீர்க்கும்வரை புதிய ஆட்டக்காரர்களைப் பதிய அணிக்குத் தடை வரும். உள்ளூர்ப் பையனுக்கு வீட்டு வாடகை நிற்கும், கார் தவணை நிற்கும், வெளியே சொன்னால் அடுத்த அணி எடுக்காதோ என்ற பயமும் இருக்கும். மூன்று மாதம் சம்பளம் வாங்காதவனைத் திடலில் நிறுத்தி ‘உயிரைக் கொடுத்து ஆடு’ என்று கத்துவது எனக்குப் பிடிப்பதில்லை. அப்படிக் கத்தியவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம்.

ஜொகூரைப் பற்றிச் சொன்னீர்கள். சொல்லத்தான் வேண்டும். 2014-இலிருந்து 2024-25 வரை சூப்பர் லீக்கில் தொடர்ந்து 11 முறை வெற்றியாளர். 2015-இல் ஆசிய அணிகளுக்கான ஏ.எஃப்.சி. கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய அணி. அவர்களிடமிருந்து கற்க நிறைய இருக்கிறது, ஆனால் நீங்கள் கற்றுக்கொண்டது தொலைக்காட்சியில் தெரிகிற பகுதியை மட்டும். பயிற்சி மையம், வயதுவாரியான இளையோர் அணிகள், இரண்டாம் அணி, 2020-இல் திறந்த புதிய அரங்கம் என்று முதல் அணிக்குக் கீழே ஒரு பெரிய கட்டமைப்பே இருக்கிறது. அதன் பின்னால் ஜொகூர் அரண்மனையே நிற்கிறது. அதை நம்மால் நகலெடுக்க முடியாது. முடியாததை ஆசைப்பட்டுக் கடன் வாங்கியவர்களின் பெயர்களை மேலே பார்த்தோம்.

குடியுரிமை விவகாரத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 2025 ஜூனில் நம் தேசிய அணி வியட்நாமை 4-0 என்று அடித்தபோது நாடே கொண்டாடியது. செப்டம்பரில், குடியுரிமை பெற்று அதில் ஆடிய ஏழு ஆட்டக்காரர்களுக்கு ஃபிஃபா 12 மாதத் தடை விதித்தது, நம் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம் போட்டது. தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய பத்திரங்கள் போலி என்பது ஃபிஃபாவின் முடிவு. அசல் பதிவுகளில் இருந்த ஊர்கள் அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்தைச் சேர்ந்தவை. நம் தோட்டங்களில் இங்கேயே பிறந்து, இங்கேயே பால்மரம் வெட்டிக் கூன் விழுந்த கிழவிகள், குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இலாகா இலாகாவாக அலைந்து கண்ணை மூடியிருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிப் போட்டியில் பெயர் கொடுக்க முடியாத பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காத ஒன்றைக் கோல் அடிக்கத் தெரிந்தவருக்கு அவசர அவசரமாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நம் ஊரிலிருந்து ஒருவர் எழுதுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

சரி, எங்கே தொடங்குவது? உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தொடங்கலாம்.

அண்மையில் உங்கள் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளித் திடலில் மாலை ஆட்டம் பார்த்தேன். திடலின் பாதியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பந்தின் தோல் உரிந்து ஒரு பக்கம் தொங்கியது. பதினொரு வயதுப் பையன் ஒருவன், அண்ணனுடைய பூட்ஸ் போலிருக்கிறது, முனையில் துணி திணித்துப் போட்டிருந்தான். இடது கால்காரன். தேங்கிய தண்ணீரில் பந்து நின்றுவிடும் என்று தெரிந்து, தரையில் உருட்டாமல், புறங்காலால் மெல்லத் தூக்கித் தண்ணீருக்கு அப்பால் தானே போய் வாங்கிக்கொண்டான். யாரும் சொல்லித்தந்து வருகிற விஷயமில்லை அது. ஆசிரியரிடம் கேட்டேன். மாவட்டப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாயிற்றாம். பயிற்சி கோலகங்சாரில், மாலை ஐந்து மணிக்கு. அம்மா தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்ப ஏழாகும். அப்பா லாரி ஓட்டுகிறார், வெளியூர். போக ஒருநாள் ஆள் கிடைத்தால் திரும்பி வரக் கிடைக்காது. இரண்டு வாரம் போனான், அப்புறம் நின்றுவிட்டான். அடுத்த ஆண்டு ஆறாம் ஆண்டு. அதற்கப்புறம் இடைநிலைப்பள்ளி. அங்கே போன பிறகு பந்தைத் தொடாமல் போன பிள்ளைகளை இந்த ஊரில் நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

அந்தப் பையனுக்குத் தேவை ஒரு வேன். சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் பிள்ளைகளை ஏற்றி, பயிற்சி முடிந்ததும் வீட்டு வாசலில் இறக்கிவிடுகிற ஒரு வேன். ஓட்டுநர் சம்பளம், எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் 4,000 வெள்ளி என்று வைத்தாலும் ஆண்டுக்கு 48,000. உங்கள் ஐந்து பிரேசில்காரர்களில் ஒருவருடைய இரண்டு மாதச் சம்பளத்துக்குக்கூட வரவில்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர் நீங்கள், மறுநடவு என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் கன்று பாலுக்கு வர ஆறேழு ஆண்டு ஆகும். பதினொரு வயதுப் பையன் முதல் அணிக்கு வரவும் அவ்வளவு ஆகும். அதுவரை அணி கீழ்ப் பிரிவில் ஆடட்டும். கட்ட முடிந்த சம்பளத்தில் ஆடட்டும். தோற்கட்டும். நாம் போய்ப் பார்ப்போம்.

நம் பிள்ளைகளுக்கு ஏணி முன்பும் கொஞ்சம் இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர் மு. சந்திரன். கோல்காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தின் கைகளைப் பற்றி இன்றும் பெரியவர்கள் பேசுகிறார்கள். 2010-இல் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுக்கி கிண்ணத்தைத் தேசிய அணி வென்றபோது பயிற்றுநர் கே. ராஜகோபால். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம் வளர்த்த அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019-இலிருந்து நான்கு பருவம் சூப்பர் லீக்கில் ஆடியது. 2022 முடிவில் விலகிக்கொண்டது. அதோடு ஒரு படி உடைந்தது. அதற்குப் பதிலாக இன்னும் எதுவும் வைக்கப்படவில்லை.

பணம் எங்கே என்பீர்கள். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதற்கு வழி காட்டியிருக்கிறார். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளிகளிடம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து, அவர்கள் வேலை செய்த தோட்டங்களையே வாங்கினார். ஜெர்மனியில் காற்பந்து அணிகளின் பெரும்பான்மை வாக்கு பொதுவாக உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் மாநிலத்தில் 5,000 ரசிகர்கள் மாதம் பத்து வெள்ளி சந்தா கட்டினால் ஆண்டுக்கு 600,000. நான் போட்ட சம்பளக் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. மீதிக்கு விளம்பரதாரர் வரட்டும், அரசு உதவட்டும், முதலாளியும் வரட்டும். அவர் போனாலும் கதவைச் சாத்தாமல் இருக்க இந்தப் பணம் போதும். சந்தா கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் வரும்.

பயிற்றுநர் ஐரோப்பியரா உள்ளூரா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை. சூப்பர் லீக் பயிற்றுநருக்கு இருக்க வேண்டிய உரிமத்தைப் பெற்ற உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள். அதைவிட, பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு முழுநேரச் சம்பளத்தில் நல்ல பயிற்றுநர்களைப் போடுங்கள் என்பேன்.

ரசிகர்கள் என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். ஒட்டுக்கடையில் கைதட்டியவர், சிரித்தவர் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். மாநிலக் காற்பந்துச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். பழைய ஆட்டக்காரர்களுக்கு இன்னும் பாக்கி இருக்கிறதா, இருந்தால் யார் எப்போது கொடுப்பார்கள்? புதிய அணி வந்தால் அதன் ஆண்டுக் கணக்கு பொதுவில் வருமா, ரசிகர்களுக்கு அதில் பங்கு உண்டா? சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், தெலுக் இந்தான் பக்கத்துப் பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிவர என்ன ஏற்பாடு? இந்த மூன்றையும் கேளுங்கள். கடிதத்தின் நகலை எனக்கும் அனுப்புங்கள், என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதில் வந்தால் அடுத்த இதழில் ஒரு வரி விடாமல் அச்சிடுகிறேன். வராவிட்டால் கடிதத்தை அச்சிடுகிறேன்.