கூடாரத்துக்குள் இரவிலும் வெக்கை

முதலில் கூடாரத்தின் மேல்மூடியை, மழைக்குப் போடும் வெளித்துணியை, கழற்றிவிடுங்கோ. முல்லைத்தீவு வவுனிக்குளப் பக்கம் ஆவணியில் இரவு பத்து மணிக்கும் உள்ளே அவியுது என்கிறீங்கள். அந்தப் பூச்சுத் துணிக்குள்ளால் காற்றுப் போகாது.

பகல் முழுக்கக் கூடாரத்தை வெயிலில் அடித்தே வைத்திருப்பீங்கள் போல. அடிநிலம் சூடேறினால் இரவில்தான் கக்கும். உள்ளே தரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கோ. சுட்டால் மர நிழல் விழுந்த இடத்துக்கு மாற்றுங்கோ, பட்ட கொப்பு மேலே இல்லாத இடமாக. வலைக்கதவு தென்மேற்கைப் பார்க்கட்டும், அந்தப் பக்கத்துக் காற்றான சோளகம் நேரே வரும். பகல் நிழலுக்குத் தறப்பாள் கட்டினால் கூரைக்கு மேலே இரண்டு முழம் இடைவெளி வேணும். ஒட்டிக் கட்டினால் இன்னும் அவியும்.

காற்றுக்கு ஆசைப்பட்டுக் குளக்கரையிலோ யானைத் தடத்திலோ மட்டும் அடிக்காதேங்கோ. முதலையும் வரும், யானையும் வரும். சாப்பாட்டை உள்ளே வைக்க வேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் விறகு பொறுக்கக்கூட அதற்கு அப்பால் போகாதேங்கோ.