7 தவணை கட்டிய யூலிப் பாலிசி: 15 வருடம் வரை வைத்திருக்கலாமா, சரண்டர் செய்யலாமா?

கேள்வி சுருக்கமாக: பெங்களூரு ராமமூர்த்தி நகர், வயது 38, ஐடி வேலை, 30 சதவீத வரி வரம்பு. 2018 நவம்பரில் வங்கிக் கிளையில் எடுத்த யூலிப் (ஆயுள் காப்பும் சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி). ஆண்டுப் பிரீமியம் 60,000, காலம் 15 வருடம், காப்புத்தொகை 6 லட்சம். 7 தவணை கட்டியாயிற்று, எட்டாவது இந்த 2025 நவம்பரில். ஃபண்ட் மதிப்பு 5.4 லட்சம். நண்பர்கள் "சரண்டர் பண்ணு" (பாலிசியை முடித்துப் பணத்தை எடுத்துவிடு) என்கிறார்கள், வங்கியில் "நீண்டகாலம் வைத்தால்தான் பலன்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?

வங்கி சொல்வது பாதி உண்மை. யூலிப்பில் ஒதுக்கீட்டுக் கட்டணம் (பிரீமியத்தை முதலீடு செய்யும் முன் கம்பெனி பிடிப்பது) பெரும்பாலும் முதல் சில வருடங்களில்தான் கனமாகக் கழியும். அது போனது போனதுதான், இன்று சரண்டர் செய்தாலும் திரும்பாது. அதனால் "இதுவரை எவ்வளவு நஷ்டம்" என்ற கணக்கை இந்த முடிவுக்குள் கொண்டுவராதீர்கள். இனி வரும் 8 வருடத்துக்கு இந்தப் பாலிசி என்ன கட்டணம் கேட்கிறது, பதிலுக்கு என்ன தருகிறது என்பது மட்டும்தான் கேள்வி.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. எக்செல்லில் ஒரு பத்தியில் பிரீமியம் கட்டிய தேதிகள், பக்கத்துப் பத்தியில் ஒவ்வொன்றுக்கும் மைனஸ் 60,000, கடைசி வரியில் இன்றைய தேதியும் பிளஸ் 5,40,000-மும் போட்டு எக்ஸ்ஐஆர்ஆர் (XIRR, தேதிவாரியாக ஆண்டு வருமானம் கணக்கிடுவது) சூத்திரம் கொடுங்கள். உங்கள் எண்களுக்கு வருடம் சுமார் 6.3 சதவீதம் வரும். பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி 2018 நவம்பரில் 10,800 பக்கம் இருந்தது, 2025 நவம்பரில் 25,000-த்தைத் தாண்டி நின்றது. இந்த இடைவெளி முழுவதையும் கட்டணம் தின்றிருக்க முடியாது. பணத்தில் பெரும்பகுதி கடன்பத்திர ஃபண்டிலோ, பங்கும் கடன்பத்திரமும் கலந்த பேலன்ஸ்டு ஃபண்டிலோ இருந்திருக்க வேண்டும். விண்ணப்பம் நிரப்பிய அன்று யாரோ டிக் அடித்த ஃபண்டே ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருப்பது மிக சகஜம். ஸ்டேட்மெண்ட்டில் ஃபண்ட் பெயரை முதலில் பாருங்கள்.

இனி கட்டணங்கள். ஸ்டேட்மெண்ட்டில் கண்ணுக்குத் தெரிபவை இரண்டு: மாதாமாதம் யூனிட்டை ரத்து செய்து எடுக்கும் மார்ட்டாலிட்டி சார்ஜ் (ஆயுள் காப்புக்கான கட்டணம்), பாலிசி நிர்வாகக் கட்டணம். தெரியாதது ஒன்று: ஃபண்ட் மேலாண்மைக் கட்டணம். இதைத் தினமும் என்ஏவிக்குள்ளேயே (ஒரு யூனிட்டின் அன்றாட விலை) கழித்துவிடுவார்கள், தனியாக எங்கும் காட்ட மாட்டார்கள். வருடங்கள் போகப்போக, ஃபண்ட் மதிப்போடு ஒப்பிட்டால் தெரிபவை பொதுவாகச் சுருங்கும், தெரியாதது ரூபாயில் வீங்கும். நீண்டகாலம் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டியது அந்தக் கண்ணுக்குத் தெரியாததைத்தான்.

மார்ட்டாலிட்டி சார்ஜைக் கிட்டத்தில் பார்ப்போம். உங்கள் பாலிசி எந்த வகை என்று பத்திரத்தில் இருக்கும். இறந்தால் காப்புத்தொகை, ஃபண்ட் மதிப்பு இரண்டில் எது அதிகமோ அது என்றால் முதல் வகை. இரண்டையும் கூட்டித் தருவார்கள் என்றால் இரண்டாம் வகை. முதல் வகையில் கம்பெனி தன் கையிலிருந்து போட வேண்டியது 6 லட்சத்துக்கும் 5.4 லட்சத்துக்கும் உள்ள 60,000 மட்டும். ஆயிரத்துக்கு 2 ரூபாய் விகிதம் என்று வைத்தால் வருடத்துக்கு 120 ரூபாய். ஃபண்ட் 6 லட்சத்தைத் தாண்டியதும் அதுவும் பூஜ்யம். இரண்டாம் வகையில் எப்போதும் முழு 6 லட்சத்துக்கும் கணக்கு: இன்று 1,200, வயது ஏற ஏற விகிதமும் கூடும். ஆளைச் சாய்க்கும் தொகை இல்லை, ஆனால் ஏறிக்கொண்டே போகும்.

நிர்வாகக் கட்டணத்துக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வைத்த உச்சவரம்பு மாதம் 500. உங்களுக்கு உச்சவரம்பே பிடிக்கிறார்கள் என்றால் வருடம் 6,000, அதாவது உங்கள் ஃபண்டில் 1.1 சதவீதம். இந்த ஒரு கட்டணம் மட்டுமே முடிவை மாற்றக்கூடியது. சில பாலிசிகளில் சில வருடங்களுக்குப் பிறகு இது நின்றுவிடும், சிலவற்றில் கடைசிவரை ஓடும்.

மேலாண்மைக் கட்டணத்தின் உச்சவரம்பு வருடத்துக்கு 1.35 சதவீதம். 5.4 லட்சத்தில் 7,290 ரூபாய், ஃபண்ட் 12 லட்சமானால் 16,200. முன்பு இந்தக் கட்டணங்களின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் இருந்ததால் 1.35 நடைமுறையில் 1.59 ஆகியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை, யூலிப்பும் அதில் சேரும்.

இப்போது நேருக்கு நேர் கணக்கு. கையில் இருக்கும் 5.4 லட்சம் மட்டும், புதுப் பணம் இல்லாமல், 8 வருடம், சந்தை வருடம் 11 சதவீதம் தருகிறது என்று வைப்போம். 1.35 கட்டணமுள்ள யூலிப் பங்கு ஃபண்டில் 9.65 சதவீதம் நிற்கும், முடிவில் சுமார் 11.28 லட்சம், வரி இல்லை. அதையே சரண்டர் செய்து 0.2 சதவீதச் செலவுள்ள இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டால் 12.27 லட்சம். முடிவில் முழுவதையும் ஒரே வருடத்தில் விற்றால் லாபத்தில் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீத வரி, செஸ் சேர்த்து சுமார் 73,000. கையில் 11.54 லட்சம். இண்டெக்ஸ் ஃபண்ட் 26,000 முன்னால் நிற்கிறது. உங்கள் யூலிப்பின் கட்டணம் 1.35 இல்லாமல் 1.0 ஆக இருந்தால்? 11.58 லட்சம், ஏறக்குறைய சமம். அதற்கும் கீழே என்றால் யூலிப் ஜெயிக்கிறது. ஆக நண்பர்கள், வங்கி இருவருக்கும் நடுவே உள்ள கோடு ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிர்வாகக் கட்டணமும் ஓடுகிறது என்றால் அதையும் சேர்த்துத்தான் அந்த ஒன்றைப் பார்க்க வேண்டும்.

மேலே "வரி இல்லை" என்று எழுதியதற்கு நிபந்தனை உண்டு. 2012 ஏப்ரலுக்குப் பின் எடுத்த பாலிசியில் காப்புத்தொகை பிரீமியத்தைப் போல் 10 மடங்காவது இருக்க வேண்டும். உங்களுக்கு 6 லட்சம், சரியாக 10 மடங்கு. இதைப் படிக்கும் மற்றவர்கள் கவனிக்க: ஐஆர்டிஏஐயின் 2019 விதிகள் 7 மடங்குக் காப்பையும் அனுமதித்தன. அப்படி எடுத்தவர்களுக்குப் பாலிசி செல்லும், வரிவிலக்கு கிடைக்காது. இதே காரணத்துக்காக, கட்டணம் மிச்சம் என்று நடுவில் காப்புத்தொகையைக் குறைக்கவும் கூடாது. 2021 பிப்ரவரி 1 முதல் எடுத்தவற்றுக்கு எல்லா யூலிப்பும் சேர்த்து ஆண்டுப் பிரீமியம் 2.5 லட்சம் என்ற வரம்பும் உண்டு. உங்களுடையது அதற்கு முந்தையது, அந்த வரம்புக் கணக்கிலேயே வராது.

யூலிப்பை வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த மிக வலுவான காரணம் இன்னொன்று, அதை விற்பவர்களே சொல்வதில்லை. உங்கள் 30 சதவீத வரி வரம்பில் எஃப்டி வட்டி 7 சதவீதம் என்றால் வரி போகக் கையில் 4.8. 2023 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய கடன்பத்திர மியூச்சுவல் ஃபண்டுக்கும் அதே கதி. யூலிப்புக்குள் இருக்கும் பாண்டு (கடன்பத்திர) ஃபண்ட் கட்டணத்துக்கு முன் 7 சதவீதம் ஈட்டி, கட்டணம் 1 போனால் 6 மிஞ்சும், அது அப்படியே உங்களுடையது. பங்கிலிருந்து பாண்டுக்கு மாற்றினாலும் வரி கிடையாது. ஆகவே வைத்திருப்பதானால், இந்தப் பாலிசியை உங்கள் சேமிப்பின் பாதுகாப்பான பங்காக நடத்துங்கள், பங்குச் சந்தை முதலீட்டை வெளியே மலிவான இண்டெக்ஸ் ஃபண்டில் வையுங்கள். பிஎஃபில் ஏற்கெனவே கணிசமாகச் சேர்ந்து, இன்னும் பாதுகாப்பான முதலீடு தேவையில்லை என்றால் மட்டும் இந்த வாதம் உங்களுக்குப் பொருந்தாது.

என் தீர்ப்பு இது. மேலாண்மையும் நிர்வாகமும் சேர்ந்து 1.25 சதவீதத்துக்குள் என்றால் வைத்திருங்கள். 1.5-க்கு மேல், கூடவே பாண்டு ஃபண்ட் யோசனையும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் வெளியே வாருங்கள். நடுவில் இருந்தால் பெய்டு-அப் (இனித் தவணை கட்டாமல் குறைந்த காப்போடு தொடர்வது): பணத்தை எடுக்க முடியாத ஐந்து வருட லாக்-இன் முடிந்ததால் எட்டாவது தவணை கட்டாமல் எழுத்தில் கேட்கலாம். காப்பு 6 லட்சம் × 7/15, அதாவது 2.8 லட்சமாகக் குறையும், ஃபண்ட் தொடரும். ஃபண்ட் ஏற்கெனவே 5.4 லட்சம் என்பதால் முதல் வகையில் மார்ட்டாலிட்டி சார்ஜுக்கு இடமே இருக்காது. ஆனால் நிர்வாகக் கட்டணம் தொடருமா, காப்பு குறைவதால் மேலே சொன்ன வரிவிலக்குக்குப் பாதிப்பு வருமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எதுவும் சொல்லாமல் தவணையை விட்டுவிட வேண்டாம், 30 நாள் சலுகைக் காலம் முடிந்ததும் முடிவு உங்கள் கையை விட்டுப் போகலாம். திரும்பப் புதுப்பிக்கும் காலம் 2 வருடமா 3 வருடமா என்று பத்திரத்தில் பாருங்கள், பழைய பாலிசிகளில் இது மாறுபடும்.

எதைச் செய்தாலும் அதற்கு முன் டேர்ம் இன்ஷூரன்ஸ் (முதலீடு சேராத, வெறும் ஆயுள் காப்பு). 6 லட்சம் காப்பு, மாதம் 40,000 செலவாகும் குடும்பத்துக்குப் பதினைந்து மாதம் வரும். பெங்களூரு வாடகையும் பள்ளிக் கட்டணமும் தெரிந்தவருக்கு மேலே விளக்க வேண்டியதில்லை. ஒரு கோடி அளவில் டேர்ம் விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை முடிந்து, பாலிசி கைக்கு வந்த பிறகே பழையதைத் தொடுங்கள். சர்க்கரையோ இதயப் பிரச்சினையோ இந்த ஏழு வருடத்தில் வந்து டேர்ம் மறுக்கப்பட்டால், உங்கள் யூலிப் இரண்டாம் வகையாகவும் இருந்தால், அந்தக் காப்பை விடாதீர்கள். அது பழைய உடல்நிலைக்குக் கொடுத்த விலையில் ஓடுகிறது.

சரண்டர் என்று முடிவானால் மாலை 3 மணிக்கு முன் கோரிக்கை பதிவாக வேண்டும், அப்போதுதான் அன்றைய என்ஏவி. வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபாருங்கள். பெங்களூரில் விஜயா வங்கி, சிண்டிகேட் வங்கிக் கணக்கைக் கொடுத்துப் பாலிசி எடுத்தவர்கள் நிறையப் பேர். 2019-இல் விஜயா பரோடா வங்கியோடும், 2020-இல் சிண்டிகேட் கனரா வங்கியோடும் இணைந்துவிட்டன. பழைய ஐஎஃப்எஸ்சி எண் பதிவில் கிடந்தால் பணம் திரும்பிப் போகும், பிரீமியத்தைக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் நாச் உத்தரவும் அதே போல் துண்டிக்கப்பட்டிருக்கலாம். வாடகை வீடு மாறியவர்கள் முகவரியையும் கைபேசி எண்ணையும் மாற்றுங்கள்.

வைத்திருப்பவர்கள் கெடுத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஸ்விட்ச்தான். சந்தை விழுந்ததும் பயந்து பாண்டுக்கு மாற்றுவார்கள், ஏறும்போது திரும்ப மாற்ற மறப்பார்கள். பங்கு ஃபண்டில் இருந்தால் முதிர்வுக்கு மூன்று வருடம் முன்பு, 2030 நவம்பர் வாக்கில், காலாண்டுக்கு ஒருமுறை பன்னிரண்டில் ஒரு பங்காக நகர்த்துங்கள். அவ்வளவு இலவச ஸ்விட்ச் உங்கள் பாலிசியில் உண்டா என்று முதலில் பாருங்கள். நடுவில் பணம் தேவைப்பட்டால் பகுதி எடுப்பு உண்டு, ஆனால் முதல் வகையில் எடுத்த பிறகு இரண்டு வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால் எடுத்த தொகை காப்பிலிருந்து கழியும். வீட்டில் சொல்லிவைக்க வேண்டிய விஷயம் இது.

இரண்டு போன் அழைப்புகள் வரும். ஒன்று, "இதை மூடிவிட்டுப் புதுப் பிளானுக்கு மாறுங்கள்" என்பது. மாறினால் புதிதாக ஐந்து வருட லாக்-இன், முதல் வருடங்களின் கட்டணமும் திரும்ப முதலிலிருந்து. இன்னொன்று, "உங்கள் பாலிசிக்குப் போனஸ் வந்திருக்கிறது, விடுவிக்கப் பணம் கட்டுங்கள்" என்பது. யூலிப்பில் அப்படியொரு போனஸ் கிடையாது, ஐஆர்டிஏஐ யாருக்கும் போன் செய்து பணம் கேட்பதும் இல்லை, இணைப்பைத் துண்டியுங்கள். பெய்டு-அப்போ சரண்டரோ எழுத்தில் கேட்டும் கம்பெனி இழுத்தடித்தால் முதலில் அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும், ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகார். அதற்கும் அசையவில்லை என்றால் கர்நாடகத்துக்கான காப்பீட்டு ஓம்பட்ஸ்மேன் (புகார்களை விசாரிக்கும் நடுவர்) அலுவலகம் ஜே.பி. நகர் முதல் ஃபேஸில், ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், எழுத்தில் கொடுத்த கோரிக்கைகளின் நகல்கள் மட்டும் கையில் இருக்க வேண்டும்.